பிறக்கும் முன் தைக்காத ஜப்லா

போன வாரம் தருமபுரியில் மகள் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொடி முழுக்கச் சின்னச் சின்ன ஜப்லாக்கள், கைக்குட்டை அளவு துண்டுகள், இடுப்பில் கட்டும் முக்கோணத் துணிகள். அவளுக்கு இது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். வெயிலில் காய்ந்த பருத்தித் துணிக்கென்று ஒரு வாசம் உண்டே, அது மூக்கில் ஏறியது. எல்லாவற்றையும் உருவிக் கொண்டுபோய் ஒளித்துவிடலாமா என்று கை பரபரத்தது. கீழே இறங்கி ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் சிரிப்பு வந்தது. இத்தனை வயதாகியும் எனக்குள்ளிருந்து முதலில் எழுந்து வருவது என் அம்மாதான்.

கல்யாணமான புதிதில் நான் பாலக்கோட்டில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். தக்காளி லோடு ஏற்றும் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே எங்கள் மிஷின்கள் ஓடும். ஜாக்கெட் தைக்கிற அளவுக்கு என் கை தேறவில்லை. ஒரு தோள் ஏறும், ஒரு தோள் இறங்கும். அதனால் கடைக்கார அண்ணன் குழந்தைத் துணிகளை என் பக்கம் தள்ளிவிட்டார். போட்டுக்கொள்கிறவர்கள் வந்து சண்டை பிடிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

அன்று கற்றது இன்றைக்கும் உதவுகிறது. உங்கள் வீட்டில் யாராவது முதல் பிள்ளைக்குக் காத்திருந்தால் சொல்லுங்கள்: பட்டனும் ஊக்கும் வேண்டாம், முடிச்சுப் போடும் நாடா போதும். புதுத் துணியைக் கஞ்சி போக அலசி நல்ல வெயிலில் காயப் போடுங்கள். தையல் பிசிறு உறுத்துகிறதா என்று உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். முக்கியமாக, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிடுங்கள். இந்தக் கடைசி யோசனைக்குப் பின்னால்தான் என் கதை இருக்கிறது.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்த எனக்கு, என் பிள்ளைக்கு ஒரு ஜப்லா தைக்க அனுமதி இல்லை. பிறக்கும் முன் எதுவும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் பழைய சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்துக்கொள்வார்கள், அது கணக்கில் வராது. அம்மா அதற்கும் விடவில்லை. காரணத்தைப் பெரியம்மாதான் ஒருநாள் என் காதோரம் சொன்னாள்.

“உங்கம்மா மொதப் புள்ளைக்கு ஆசயா துணி தெச்சு வெச்சா. துணி இருந்துச்சு, புள்ள தங்கல. அதுக்கப்பறம் அவ ஊசியத் தொட்டதில்ல.”

நான் தையல் கற்றுக்கொள்ளப் போனபோது அம்மா ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏன் ஒரு நாளும் கடைப்பக்கம் வரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. யாருக்கோ நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று நிறுத்தி வயிற்றில் கை வைத்து, பிள்ளை அசைகிறதா என்று பார்ப்பேன். பக்கத்து மிஷின் ரோசலி அக்கா சிரிப்பார். மூன்று பெற்றவர்.

“ஒரு பழைய வேட்டியையாச்சும் பையில போட்டு வெய்யி கண்ணு. வலி என்ன சொல்லிட்டா வரும்?”

சொல்லாமல்தான் வந்தது. வளைகாப்பு முடிந்து பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். நாள் இன்னும் இருக்கிறதே என்று நினைத்திருந்த ஒரு காலையில் இடுப்பு வலி பிடித்தது. தெரிந்தவர் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்க் தவிர எதுவும் இல்லை.

பிள்ளை பிறந்ததும் நர்ஸ் கதவைத் திறந்து துணி கேட்டது உள்ளே படுத்திருந்த எனக்கும் கேட்டது.

“இல்லீங்க” என்றாள் அம்மா.

“இல்லியா? தலப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரீங்க, ஒரு துணி எடுத்துட்டு வர மாட்டீங்களா? கொழந்த குளுர்ல கெடக்குது!”

வெளியே வராண்டாவில் யாரோ ஒரு பெண், தன் மகளுக்காகக் கொண்டு வந்த பையைப் பிரிக்கும் சத்தம். “இந்தாங்க, எம் பெரிய பேரன் போட்டது. நல்லா ஓடியாடறான். இதப் போடுங்க” என்றாள். நன்றாக வளர்கிற பிள்ளையின் பழந்துணிதான் முதலில் போட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம்தான், அதனால் அம்மா மறுக்கவில்லை.

“அழுவுதுங்களா?” என்று மட்டும் நர்ஸிடம் கேட்டாள்.

“கேக்கலியா உங்களுக்கு? ஆஸ்பத்திரிக்கே கேக்குது!”

நர்ஸ் அதன் பிறகும் விடாமல் திட்டினார். அப்படியொரு திட்டை அம்மா மாதிரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டவர் இருக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க, தப்புதாங்க” என்று சிரித்துக்கொண்டே நின்றாளாம். வார்டுக்கு வந்து பையனை என் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சொன்னாள்:

“துணி இல்லாம வந்துட்டன்னு இந்தத் திட்டு திட்டறாங்க கண்ணு. அன்னிக்கு துணிய வெச்சுட்டு புள்ள இல்லாம நின்னேன், என்னிய ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பையன் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தான். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் அழுததே இல்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ரோசலி அக்கா மகனோடு ஓசூர் போய்விட்டார். ஜப்லா தைத்துக் கொடுங்கள் என்று இப்போது யாரும் துணியோடு வருவதில்லை, பெட்டி பெட்டியாக வீட்டுக்கே வந்து இறங்குகிறது. அம்மாவும் இல்லை.

இரண்டாவதாக இந்த மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு மத்தியானம் அம்மா பஸ் பிடித்துப் பாலக்கோட்டுக்கு வந்தாள். முதல் முறையாகக் கடைப்படி ஏறினாள். கையில் வெள்ளை மல் துணி.

“மிஷினு சும்மா இருந்தா கொஞ்சம் குடுங்க” என்றாள்.

ரோசலி அக்கா எழுந்து இடம் விட்டார். அம்மா அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. வெட்டினாள், மடித்தாள், தைத்தாள். இரண்டு தோளும் ஒரே சீராக வந்தன. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதாமல் விடுகிறேன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்.

“மொதப் புள்ளைக்கு தெச்சதெல்லாம் என்னம்மா பண்ணுன?”

“ஒண்ண அதுக்குப் போட்டு அனுப்பிட்டேன். மீதிய யாருக்கோ குடுத்தாங்க” என்றாள், பல்லால் நூலைக் கடித்தபடியே.

பிறகு ஜப்லாவை உதறி, கடையில் எல்லோரும் பார்க்க, என் வயிற்றின் மேல் விரித்து அளவு சரியா என்று பார்த்தாள். எங்கள் வீட்டைப் பிடித்திருந்த அந்தப் பயம் போனது அன்றைக்குத்தான். போனவற்றில் அது ஒன்றுதான், போனதே நல்லது என்று நான் வாய்விட்டுச் சொல்லக்கூடியது.