நடுவில் புளிப்பு வைத்த சோறு

அம்மா போனபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரசம், புளிக்குழம்பு, கருவாடு, எதை வாயில் வைத்தாலும் அம்மா வைத்தது மாதிரி இல்லையே என்று தோன்றும். தட்டைத் தள்ளிவிடுவேன். அம்மா ஒருநாளும் சமைக்காத ஒன்றைத் தின்றால் இறங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய பேப்பர் கடையில் எடுத்த வாரப் புத்தகம் ஒன்றில் ஜப்பான்காரர்கள் சாப்பாட்டைப் பற்றிப் போட்டிருந்தார்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பச்சை மீனைச் சீவி அப்படியே தின்பார்களாம். ஆபீஸில் சொன்னேன். பக்கத்தில் பெட்டி ஒட்டுகிற அக்கா, "அப்போ ஒனக்கு ஒரு பூனைய மாப்பிளையா பாக்கச் சொல்லுதேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் நான் ஒருத்திதான், பேச ஆளில்லை. அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதில் என்னால் முடிந்தது ஒன்றுதான். உப்புத்தண்ணீர் தொட்ட கையால் சோற்றை அழுத்திப் பிடித்து, நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைக்க வேண்டும். மேலே கடல்பாசி சுற்ற வேண்டும். பாசிக்கு எங்கே போக? பழத்துக்குக் கடையில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் அரிசியைக் குழைய வடித்துப் பிடித்தேன். படத்தில் முக்கோணமாக இருந்தது, எனக்கு உருண்டையாகத்தான் வந்தது. வாழையிலைத் துண்டில் வரிசையாக வைத்தேன்.

அந்நேரம் கயத்தாற்றிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கச்சி, என்னைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, யாருக்குப் பிண்டம் பிடிச்சு வச்சிருக்க?"

அப்போதுதான் எனக்கும் அப்படித் தெரிந்தது. பதினாறாம் நாள் குளக்கரையில் அம்மாவுக்கு வைத்ததும் இதே மாதிரிதான் இருந்தது. பெரியப்பா மகன் பிடித்தான். பொம்பளைப்பிள்ளை தொடக்கூடாது என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஜப்பான் சாப்பாடு என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் இதைப் பிடிக்கவே கூடாது, காக்காய்க்குப் போட்டுவிட்டுத் தலைமுழுகு என்றாள்.

"நான் திங்கப் போறேன் அத்தே."

"பிண்டத்த யாராவது திம்பாவளாட்டி? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனாள்.

பிறகு ஓர் உருண்டையை எடுத்துக் கூரை ஓட்டின் மேல் வைத்தேன். அம்மாவுக்கு. என் கையால் பிடித்தது. யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

மிச்சத்தை அடுப்படியில் உட்கார்ந்து தின்றேன். சோறு கரித்தது. ஊறுகாய் வந்ததும் பல் கூசியது. நிறுத்தாமல் தின்றேன்.