அறுக்காத பெட்டி

பிற்பகல் நாலு பத்துக்குச் செய்தி வந்தது. போனில் பேசியவர், அண்ணன் செய்யும் பெட்டிகளை விற்கிற கடையின் முதலாளி. பள்ளி நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த தங்கையிடம், "அண்ணன் கடைப் படியிலேயே சாஞ்சுட்டாரும்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, அதே வாயால் கேட்டார்: "அந்தப் பெட்டி வீட்லதானே இருக்கு?"

இதைக் கேட்க எப்படித்தான் நாக்கு எழுந்ததோ. அவள் போனை வைத்துவிட்டாள். கையிலிருந்த புத்தகத்தை எந்த அடுக்கில் செருகினாள் என்பது அவளுக்கே தெரியாது.

அண்ணன் மரப்பெட்டி செய்கிறவர். தெருவில் 'பெட்டிக்காரர்' என்றால்தான் தெரியும். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஆறு பக்கத்தைப் பொருத்தவே ஆயுசு போதல, ஏழாவதா ஒருத்திய எங்க கொண்டு பொருத்த?" என்பார். தங்கை வீட்டுப் பின்னறைதான் அவருடைய பட்டறை. வெளிறிய மரத்தில் கறுத்த மரத்தைச் செதில் செதிலாகப் பதித்து, பெட்டியைச் சுற்றி ஒரு கொடியையும் அதில் ஒரு பறவையையும் உட்கார வைப்பார். ஆணி என்ற பேச்சே கிடையாது.

அவர் வேலை செய்கிற விதம் பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். முதலில் ஆறு பக்கத்தையும் பசை போட்டு அடைத்துவிடுவார். மூடி என்று தனியாக ஒன்றைச் செய்ய மாட்டார். பூவேலையெல்லாம் முடிந்த பிறகே, சுற்றிலும் பென்சில் கோடு போட்டு, நூல்போன்ற கைரம்பத்தால் மேல்பகுதியை அறுத்தெடுப்பார். அதுதான் மூடி. அப்படிச் செய்தால்தான் கொடி பெட்டியிலிருந்து மூடிக்கு முறியாமல் ஏறும். ரம்பம் தின்னப்போகிற நூலளவைக்கூட முன்பே யோசித்து, பறவையின் கழுத்தை அந்த அளவு நீட்டி வைத்திருப்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அறுக்காத பெட்டியைக் கொடுத்து, "திறந்து பாருங்க" என்பார். அவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்து முழிப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடையில் அந்தப் பெட்டிகளின் அடியில் கடைப் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். வாங்க வருகிறவர்களிடம் முதலாளி, "எங்க சொந்த டிசைன்" என்பார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. வயிறெரிந்ததெல்லாம் தங்கைக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவசரம் என்று அறுக்காத ஒரு பெட்டியை எடுத்துப்போய்க் கடையின் மெஷின் ரம்பத்தில் கொடுத்தார்கள். தடித்த பல், கழுத்தை முழுசாகத் தின்றுவிட்டது. பறவையின் தலை தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளி அதையும் புது டிசைன் என்று சொல்லி விற்றார். அதற்குப் பிறகு அறுக்காத பெட்டி எதுவும் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அவர் கடைசியாகச் செய்த பெட்டியும் அறுக்காமலே, பட்டறை மேஜையில் ஒரு துணியின் மேல் இருந்தது.

மூன்றாம் நாள், வாசலில் போட்ட நாற்காலிகளை எடுப்பதற்கு முன்பே முதலாளி வந்தார். மெஷின் ரம்பம் ஓட்டுகிறவரையும் கூட்டி வந்திருந்தார். உட்கார்ந்திருந்தவர்களிடம், "நம்ம கடை ஆளு, தங்கமான மனுஷன்" என்றது உள்ளே இருந்த அவள் காதில் விழுந்தது. நம்ம கடை ஆளாம். மரம் அண்ணன் தேடி வாங்கியது, பசை அண்ணன் காய்ச்சியது, தேய்ந்துபோனது அண்ணனின் விரல் ரேகை.

நேராகப் பின்னறைக்கு வந்தவர், வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அண்ணன் பெயரும் நிலைக்கும் என்று என்னென்னவோ சொன்னார். எந்தப் பெயர், அந்தத் தாளில் இருக்கிற பெயரா என்று கேட்க வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"மெஷின்ல ஒரு நிமிஷ வேலைம்மா. கோடுகூடப் போட்டு வெச்சிருக்காரே."

"கோட்டுக்கு மேல்பக்கம் அறுக்கணுமா, கீழ்பக்கமா?"

முதலாளி பெட்டியைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார். "கோட்டோட கோடா அறுக்க வேண்டியதுதான்."

"இருபது வருஷமா வித்தீங்க. ஒரு தடவையாவது அவர் அறுக்கிறதப் பாத்திருக்கீங்களா?"

அவள் குரல் உயரவே இல்லை. மெஷின்காரர் பெட்டியைக் கையில் எடுத்தார். பறவையின் கழுத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். எடுத்த துணியின் மேலேயே திரும்ப வைத்தார்.

"என்னால ஆகாது முதலாளி. போன தடவை நான்தான் அறுத்தேன். அவரு என்னைத் திட்டக்கூட இல்ல."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். முதலாளிக்கு முகம் சுருங்கியது. "திறக்க முடியாத பெட்டிய வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"வர்றவங்க கையில குடுத்து, திறந்து பாருங்கம்பேன்."

பெட்டி இப்போதும் பட்டறை மேஜையில்தான் இருக்கிறது. முதலாளி கவனிக்கவே இல்லை, அதில் பென்சில் கோடு மூன்று பக்கம்தான். பறவை இருக்கிற நாலாவது பக்கத்தில் கோடு போடவில்லை.