பொட்டலத் தாள் படிப்பு

எங்கள் மலையூரில் பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் கொடியேற்றும் நாட்களில் மட்டும் வருவார். அவர் வைத்துவிட்டுப் போன ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அக்கா எழுத்துக் கூட்டக் கற்றாள். மற்றதெல்லாம் பொட்டலத் தாளில் படித்ததுதான். அப்பா கடுக்காயும் புளியும் சுமந்து கச்சிராயபாளையம் சந்தைக்கு இறங்கினால், திரும்பும்போது சர்க்கரையும் டீத்தூளும் செய்தித்தாளில் மடித்து வரும். அக்கா அதைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, சத்தமாகப் படிப்பாள். செய்தி பாதியில் கிழிந்திருக்கும். "மீதி?" என்று நான் கேட்டால் அதே நடையில் மீதியைத் தானே சொல்வாள். எது அச்சில் வந்தது, எது அக்கா சொன்னது என்று எனக்குத் தெரியாது.

பழைய பாடப்புத்தகங்களை வரவழைத்து எட்டாவதையும் பத்தாவதையும் தனித்தேர்வாக எழுதித் தேறினாள். செவிலியர் பயிற்சியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டார்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில், கீழே சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம். விசாரணைக்கு வரவேண்டிய அதிகாரி, பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில்தான் வந்தார். ஜீப்பை வெள்ளிமலையில் விட்டுவிட்டு நடந்ததில் களைத்திருந்தார். அவருக்காக வீட்டை மெழுகி, இரவல் நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தோம். அக்கா பரீட்சைக்குக் கட்டிய நைலக்ஸ் சேலையில் நின்றாள். எனக்கு இரட்டை ஜடை, ரிப்பன்.

"தேன் எடுப்பியாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லை ஐயா. தகப்பனார் மட்டுமே எடுப்பார். மனுவில் குறிப்பிட்டிருக்கிறேன்."

அவர் கூட வந்த கிளார்க்கைப் பார்த்தார். "இன்னாய்யா இது, ரேடியோ மாதிரி பேசுது. கீழ அவனவன் சர்ட்டிபிகேட்டுக்கு அலைஞ்சிக்கினு இருக்கான். மலையில வூடு கட்டிக்கினா மலை ஜனம் ஆயிடுவாங்களா?"

"நம்ம புள்ளதாங்க," என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "நேத்து வரைக்கும் சாமை அறுத்துக்கினு இருந்ததுங்க. பேச்சுதாங்க இப்பிடி ஆயிப்போச்சி."

அக்காவைச் சந்தேகப்படுகிறார் என்பது வரை எனக்குப் புரிந்தது. உள்ளே ஓடி ஒரு பொட்டலத் தாளை எடுத்துவந்து, மாவட்ட ஆட்சியர் ஏரியைப் பார்வையிட்ட செய்தியைத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினேன்.

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"எங்க அக்காதான் சார். ஊர்ல எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குது."

"பலே," என்று என் தலையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஃபைலைத் திறந்து எதையோ எழுதினார். நாங்கள் பாஸ் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அக்கா இல்லாமலே பயிற்சி தொடங்கி ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா வாசலில் நின்று படித்தாள்.

'மனுதாரரும் அவர் தங்கையும் நடை, உடை, பேச்சில் நாகரிகமாக உள்ளனர். பழங்குடியினருக்குரிய வழக்கங்கள் காணப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.'

"மீதி?" என்றேன்.

"அவ்ளோதான்."

அது நான்கு ஓரமும் கிழியாத தாள். நான் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். நம்மை நாகரிகமானவர்கள் என்று சர்க்கார் எழுதியிருக்கிறது, அதில் நானும் இருக்கிறேன் என்று வீடு வீடாகச் சொன்னேன். திரும்பி வந்தபோது, அக்கா சாமை விதையை அந்தத் தாளில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல தாளை வீணாக்குகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.