தங்கி என்ற வார்த்தை

ஆனந்தராஜ் எங்கள் கம்பெனியில் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளியில் வேலை பார்த்தபோது கன்னடம், அப்புறம் கம்பெனி இங்கிலீஷ். யாராவது ஒரு வார்த்தைக்குத் திணறினால் போதும், கூப்பிடாமலே வந்து அர்த்தம் சொல்வார். அந்தப் பெருமை எங்களுக்கும் பழகிவிட்டது.

புது மெஷினை மாட்டிக் கொடுக்க நியூசிலாந்திலிருந்து மெரே என்ற இன்ஜினியர் வந்திருந்தார். மாவோரி இனத்துப் பெண். ஆனந்தராஜை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு நாள் காலை ஆனந்தராஜுக்கு அவரிடமிருந்து இங்கிலீஷில் வாட்ஸ்அப் வந்தது. வீட்டில் 'தங்கி' (tangi என்றே எழுதியிருந்தார்), மூன்று நாள் நடக்கும், சொந்தபந்தம் எல்லாம் கூடுகிறது, உடனே ஊருக்குக் கிளம்புகிறேன் என்று இருந்தது.

கன்னடத்தில் தங்கி என்றால் தங்கை. எல்லையோரம் என்பதால் எங்கள் பக்கம் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று நாள், சொந்தபந்தம் என்றால் மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்?

"தங்கச்சி கல்யாணம்ப்பா. பாருங்க, நம்ம கன்னடத்தயே கத்துக்கிட்டு எழுதியிருக்காங்க" என்று பூரித்துப்போனார்.

டீ நேரத்தில் எங்கள் முப்பது பேரையும் நிறுத்தி, 'ஹேப்பி மேரேஜ் தங்கி' என்று கத்த வைத்து, ஆட வைத்து, வீடியோ எடுத்து அனுப்பினார். முன்வரிசையில் ஆடியவன் நான்.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

நான்காம் நாள் கேன்டீனில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் ரூபா மெல்லக் கேட்டாள், மாவோரிக்காரர்களுக்கென்று தனி பாஷை இருக்கிறதாமே, அது அந்தப் பாஷை வார்த்தையாக இருக்குமோ என்று. ஆனந்தராஜ் சிரித்துக்கொண்டே போனில் தேடினார். மாவோரி அகராதி ஒன்று கிடைத்தது. வார்த்தையை அடித்தார். அழுவது, புலம்புவது, இறந்தவருக்காக உறவெல்லாம் கூடிச் செய்யும் சடங்கு என்று வந்தது.

"சாவு ஊட்டுக்கு டான்ஸ் ஆடி அனுப்பிட்டனே" என்றார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

மெசேஜில் மன்னிப்பு கேட்க அவருக்கு மனசு வரவில்லை. நேரில், மெரேயின் பாஷையிலேயே கேட்கிறேன் என்றார். வெட்கப்படுகிறேன் என்பதற்கு அதே அகராதியில் தேடி 'ஃபகமா' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தார். அதிலேயே குரலும் இருந்தது. பைக் ஸ்டாண்டில் நின்று போனைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினார். நாலு பாஷைக்காரருக்கு ஒரு வார்த்தை வர இரண்டு வாரம் ஆனது.

மெரே திரும்பி வந்த அன்று, எங்கள் எல்லார் முன்னாலும் போய் நின்று அதைச் சொன்னார். மெரேவுக்குக் கண் கலங்கியது. பரவாயில்லை பிரதர் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தங்கி என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

தங்கை என்று ஆனந்தராஜ் இங்கிலீஷில் சொன்னார்.



"இறந்தது என் தங்கைதான்" என்றார் மெரே.

ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் முப்பது பேரும் குனிந்துகொண்டோம்.