கொழும்பு ரயிலும் என் மச்சானின் பஞ்சாங்கமும்

இன்று காலை கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மாபெரும் படையெடுப்பைத் திட்டமிட்டேன். அதாவது, சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குப் போக, முழங்கால் வலிக்கார மனைவிக்கும் எனக்கும் இரண்டு ரயில் சீற்.

இணையத்தில் முன்பதிவு திறந்தது. உலகமே மூச்சடக்கி நிற்க, என் விரல் போனை நோக்கி இறங்கியது.

"அத்தான், கையை எடுங்கோ! இராகு காலம்!" என்று பஞ்சாங்கத்தோடு பாய்ந்தான் மனைவியின் தம்பி.

"டேய், சீற் முடியப்போகுதடா!"

"நல்ல காரியத்துக்கெல்லோ போறியள்? பொறுங்கோ."

இராகு பகவான் அவசரமில்லாமல் ஆறுதலாக எழுந்து போனார். பிறகு பார்த்தால் ஒரு சீற்றும் இல்லை. வண்டிக் கூரைகூட நிரம்பியிருக்கும்.

"இராகு காலத்தில எடுத்திருந்தா என்ன நடந்திருக்கும், சொல்லுங்கோ பாப்பம்?" என்றான் வெற்றியோடு.

"சீற்றில இருந்துகொண்டு போயிருப்பமடா!" என்றாள் மனைவி.

கொழும்புவரை நின்றுகொண்டே போவதற்குச் சுபநேரம் எது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மச்சான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.