சுழி சரியில்லாத பசு

சீமைக்குப் போய் மாட்டு வைத்தியம் படித்தவன் நான். மயிலாப்பூரில் அதை வெளியே சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. "பையன் டாக்டருக்குப் படிக்கறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர் மனுஷ டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு.

யுத்த வருஷங்கள் எனக்கு ஸ்காட்லாந்தின் மாட்டுத் தொழுவங்களில் கழிந்தன. குளிரில் விரல் மரத்துப்போனால் பசுவின் வயிற்றில் கையை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பேன். அங்கே படித்ததில் மறக்கவே முடியாத பாடம், மாட்டுக்கு வரும் காசநோய். கழுத்துத் தோலில் ஊசி போட்டுவிட்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். அந்த இடம் தடித்து வீங்கினால் நோய் உண்டு. காய்ச்சாத பால் வழியாகக் குழந்தைகளுக்கும் அது வரும். வீங்கிய பசுவைக் கொல்ல அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஆனால் பரீட்சையில் "கொல்ல வேண்டும்" என்று கூசாமல் எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது எங்கள் வீட்டுக் கொல்லையில் புதிதாக ஒரு பசு நின்றது. இளைத்திருந்தது, அடிக்கடி இருமியது. அம்மா திருஷ்டி கழித்துப் பார்த்திருந்தாள். நான் மருந்து வாங்கி வந்து கழுத்தில் அந்தச் சோதனை ஊசியைப் போட்டேன். மூன்றாம் நாள் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

அப்பாவிடம் போய் நின்றேன். பரீட்சையில் எழுதிய வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. பசுவைக் கொல்லச் சொல்லவா கப்பல் ஏறிப் போனாய் என்று கேட்பார். அவருக்குப் புரிகிற பாஷையில் ஒரு பொய் சொன்னேன்.

"அப்பா, இந்தப் பசுவுக்குச் சுழி சரியில்லை. ஆத்துக்கு ஆகாது. பாலும் வேண்டாம்."

சீமைப் படிப்பை நம்பாதவர் சுழியை உடனே நம்பினார். அன்றே பாலை நிறுத்திவிட்டோம். உத்தியோக விஷயமாகச் சேலம் போய்விட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் பசுவை மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பினால் கொல்லை காலி.

"அமாவாசைக்குக் கோதானம் பண்ணிட்டார்டா," என்றாள் அம்மா சந்தோஷமாக. "அடையாத்துப் புரோகிதருக்கு. வைதிகாளுக்குச் சுழி தோஷமெல்லாம் ஒட்டாதாம். கொம்புல மஞ்சள் பூசி, மாலை போட்டு... அத்தனை லக்ஷணமா போச்சு."

அந்தப் புரோகிதருக்கு இரண்டு சின்னப் பெண்கள் என்பது எனக்குத் தெரியும். கால் அலம்பக்கூட நிற்காமல் அடையாற்றுக்கு ஓடினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் புரோகிதர் சிரித்தார். "தானம் வாங்கினவன்தான் மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கப்படாதும்பா. குடுத்தவாளே பார்க்க வந்துட்டேளே!"

கொல்லையில் அவர் மனைவி பால் கறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு குழந்தைகளும் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தன. உதட்டின் மேல் நுரை.

"கறந்த சூட்டோட குடுத்துடறேன்," என்றாள். "சீமையில படிச்ச டாக்டர் ஆத்துப் பசு. காய்ச்சி வேற குடுக்கணுமா என்ன?"

அப்பாவிடம் வராத வார்த்தைகள் அங்கே தடதடவென்று வந்தன. ஊசி, வீக்கம், காசம், எல்லாவற்றையும் சொன்னேன். சுழி என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். புரோகிதர் திகைத்துப்போய்ப் பசுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் கத்தவில்லை. டம்ளர்களைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள். புடவைத் தலைப்பால் குழந்தைகளின் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்காத்துல இந்தப் பாலை எப்போ நிறுத்தினேள்?"

"தெரிஞ்ச அன்னிக்கே," என்றேன்.