பேரீச்சந்தோட்டத்து ரயில் பாதை

அல் ஐன் ஊரைத் தாண்டி ஒரு பெரிய பேரீச்சந்தோட்டத்துக்குள் இரண்டடி அகலத்தில் ஒரு ரயில் பாதை இருந்தது. தோட்டத்துக்காரரின் அப்பா, எந்த நாட்டிலோ மூடிப்போன கரும்பாலையிலிருந்து தண்டவாளத்தையும் ஒரு குட்டி டீசல் எஞ்சினையும் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து போட்டாராம். பழக்குலைகளை ஏற்றி வரவும் விருந்தாளிகளை உட்கார வைத்துத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டவும் அது ஓடியது. அவர் இறந்த பிறகு யாரும் கவனிக்கவில்லை. தண்டவாளத்தை மணல் மூடியது, அடியில் கிடந்த மரக்கட்டைகளைக் கரையான் தின்றது. அதை மறுபடியும் சீராக்கி, சுற்றுலா வருகிறவர்களுக்காக ஓட்டலாம் என்று ஒரு தன்னார்வலர் கூட்டம் கிளம்பியது. அதில் நானும் சேர்ந்தேன். இரண்டு குளிர்காலத்துச் சனிக்கிழமைகளை அங்கே கொடுத்தேன்.

நான் திருச்சியில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமாகி துபாய் வந்தபோது என் விசாவில் இல்லத்தரசி என்று அச்சடித்தார்கள். பிறகு அல் குசைஸில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் வரைந்த வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கி வைக்கும் வேலை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஒரு சைட்டில் கூட நின்றதில்லை. எனவே மணலைத் தோண்டி, செத்த கட்டையை உருவி, புதுக் கட்டையைச் செருகி, ஜல்லி தட்டி, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே அகலம் சரியாக வந்ததா என்று குனிந்து பார்த்த முதல் நாள், சரியாக வந்த பிறகும் சும்மா இன்னொரு தடவை டேப் வைத்து அளந்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “சம்பளமில்லாம கல்லு சுமக்கறதுக்கு இவ்வளவு சந்தோஷமா?” என்றார்.

எங்கள் கட்டிடத்தில் இரண்டு மாடி கீழே ஒரு நர்ஸ் இருந்தாள். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. அவள் புருஷன் கப்பல் பட்டறையில் டெக்னீஷியன், பாதி நாள் அபுதாபி கேம்ப்பில் இருப்பான். லிஃப்டில் என் பூட்ஸைப் பார்த்து விசாரித்தவள் அடுத்த வாரமே கூட வந்துவிட்டாள். “ஆஸ்பத்திரிக்க வெள்ளைச் சுவர பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு அக்கா. நானும் வாறேன்” என்றாள். என்னைவிடப் பலசாலி. கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து அழுத்தும்போது அவளோடு சேர்ந்து நிற்கத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்.

எங்களை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலேயர். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். தோட்டத்துக்காரர் குடும்பத்தோடு பழக்கம். எங்கள் பிள்ளைகளின் பெயர், படிக்கும் வகுப்பு எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார். பதினோரு மணிக்குத் தன் கையாலேயே எல்லாருக்கும் டீ ஊற்றித் தருவார். பன்னிரண்டு வருடத்தில் என் மானேஜர் எனக்கு ஒரு தடவை டீ ஊற்றியதில்லை. அதனால் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது குளிர்காலத்தில், பொங்கல் முடிந்த வாரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் வேலை. கோடை வெயிலில் அங்கே தண்டவாளம் நெளிந்து போயிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தோம். ஜாக்கி மணலில் சறுக்கியது. அவள் வலது கை அடியில் இருந்தது. கத்தக்கூட இல்லை. “அக்கா, தூக்குங்க” என்று மட்டும் சொன்னாள். தூக்கினோம். ஆள்காட்டி விரலின் நுனி கையுறைக்குள்ளேயே நசுங்கியிருந்தது.

ஆங்கிலேயர்தான் காரை ஓட்டினார். நான் பின்சீட்டில் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி அவளிடம் மிக மென்மையாகப் பேசினார். “தோட்டத்தில் நடந்தது என்று சொன்னால் விசாரணை வரும். எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிறகு. கார் கதவில் மாட்டியது என்று சொல்ல முடியுமா? உனக்குச் சம்மதம் என்றால் மட்டும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சரி என்று தலையசைத்துவிட்டாள். பிறகு, “ரயில் ஓடணும்லா அக்கா” என்றாள்.

விரல் பிழைத்தது. நுனியில் உணர்ச்சி வரவில்லை. கையில் நரம்பு தேடி ஊசி போடுகிறவளுக்கு அந்த விரல்தான் கண். சில வாரம் பார்த்துவிட்டு, வார்டிலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் கவுண்டரில் போட்டார்கள். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கி டோக்கன் கொடுக்கும் வேலை. அவள் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கட்டு பிரித்ததும் தோட்டத்துக்கு மறுபடி வந்தாள். இடது கையால் ஜல்லி அள்ளினாள்.

கோடை வெயில் ஏறுவதற்கு முன் பாதையை முடித்தோம். சோதனை ஓட்டம் அன்று எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. பின்னால் இரண்டு திறந்த பெட்டிகள். அந்த வளைவில் வண்டி ஏறியபோது எல்லாரும் குனிந்து சக்கரத்தையே பார்த்தோம். ஒரு ஆட்டம் இல்லாமல் தாண்டியது. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் மகள் செல்போனில் எடுத்தபடி, “அம்மா, யூ பில்ட் திஸ்?” என்றாள். ஆமாம் என்றேன். மகள் தன் வாழ்நாளில் என்னிடம் அந்தக் குரலில் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

கோடை முடிந்து திறப்பு விழா என்றார்கள். கோடை முடிந்தது. தேதி வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், பொறுமையாக இருங்கள் என்று பதில் வந்தது. பிறகு ஒருநாள் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினார்கள். அதற்குப் பின் வந்தது ஒரே ஒரு செய்தி. தோட்டத்தை ஒரு கேளிக்கைப் பூங்காக் கம்பெனி எடுத்து நடத்தப்போகிறது, தன்னார்வலர்களுக்கு நன்றி விருந்து.

விருந்துக்குப் போனோம். கேட்டைத் தாண்டியதும் புரிந்துவிட்டது. பாதை முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கக்கூட மெனக்கெடவில்லை. இருந்த இடத்திலேயே விட்டு மணல் கொட்டி, இடித்துக் கெட்டியாக்கி, மேலே சிவப்பும் சாம்பலுமாகக் கல். அதன் மேல் ரப்பர் டயர் வைத்த பேட்டரி ரயில் ஒன்று, கார்ட்டூன் முகத்தோடு, மால்களில் பிள்ளைகளுக்கு ஓட்டுவார்களே, அது. எங்கள் எஞ்சின் வாசலில் பெயின்ட் அடித்து நின்றது, படம் எடுத்துக்கொள்வதற்கு.

ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று நர்ஸுக்கு டியூட்டி இருந்ததால் அவள் வரவில்லை. அவளுடையதையும் நானே வாங்கிக்கொண்டேன். ஆங்கிலேயர் இப்போது அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர். கழுத்தில் அட்டை தொங்கியது. பழையபடி டீ ஊற்றிக் கொடுத்தார்.

“எப்போது இப்படி முடிவானது?” என்று கேட்டேன்.

“போன வருடம் நவம்பரிலேயே பேச்சு முடிந்துவிட்டது” என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். “உண்மையான ரயிலுக்கு இன்சூரன்ஸ் யாரும் தரமாட்டார்கள்.”

“நவம்பரிலா? அதற்குப் பிறகு ஐந்து மாதம் வேலை செய்தோமே.”

“செய்தீர்கள்” என்று சிரித்தார். “நீங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.”

பொய் சொல்லவில்லை அவர். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். நவம்பருக்குப் பிறகுதான் பொங்கல். காரை நிறுத்திவிட்டுத் திரும்பி அவளிடம் அப்படிக் கேட்டபோது, ரயில் ஓடப்போவதில்லை என்று அந்த மனிதருக்குத் தெரியும். டீயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை.

“நவம்பர்லயே தெரியுமா அவருக்கு?”

“அவரே சொன்னாரு.”

“இத நீங்க எனக்க கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் அக்கா” என்றாள். “இந்த விரலுக்கு ஒரு காரணம் இருந்து. இப்ப அதும் போச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வரவேண்டிய கோபம் இல்லை என்று தெரிந்தும் வந்தது. “தெரியாமலே இருந்திருந்தா நல்லதா?” என்றேன். அவள் மீன் பக்கம் திரும்பிக்கொண்டாள். சான்றிதழை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மேலே வந்தேன்.

அந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எழுதலாம் என்று மறுபடி திறந்தார்கள். ராஸ் அல் கைமா பக்கம் ஒரு பழைய மரப்படகைச் செப்பனிடப் போகிறோம், யாரெல்லாம் வருகிறீர்கள் என்று ஆங்கிலேயர் எழுதியிருந்தார். கீழே சம்மதம் சொல்லி வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: பாதை ஓடாது என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்பதை எல்லோருக்கும் சொல்வீர்களா? பிறகு, கட்டை சுமந்தபோது என்னோடு மறுமுனையைப் பிடித்த பெண் ஒருத்தி எழுதினாள்: இந்தக் குழுவை நல்ல விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோமே. அதற்கும் கட்டைவிரல்கள் விழுந்தன. நான் குழுவிலிருந்து வெளியேறினேன். கணவர், “கலாஸ், விடு” என்றார். அவரைப் பொறுத்தவரை அது முடிந்துபோனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். வாசலில் ஒரு கார் நின்றது. அவள் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, ஏறப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“படகுக்கா?” என்றேன்.

“பின்ன என்ன செய்ய அக்கா? வீட்ல இருந்து விரலையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா?”

காரை ஓட்டிய ஆங்கிலேயர் கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டினார். என் மகளின் பெயரைச் சொல்லி, பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டார். நன்றாக எழுதினாள் என்றேன்.